மாட்டாமையும் மாட்டேன் என்பதும்

(நெடுங்கேணியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். மேடையில் சொன்ன சில கிளைக்கதைகள் இதில் நீக்கப்பட்டுள்ளன.)



பேசாமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசு என்று ஒருவனை அழைப்பதில் உள்ள வேடிக்கை அழைத்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். நான் வைத்தியன் அல்லன். நாற்பது வருடம் தமிழ் படிப்பித்தவன். அதில் பாதிக்காலம் ஆசிரியர்களுக்குப் படிப்பித்தவன். பிள்ளைகளைப் பேசவைப்பதுதான் தமிழாசிரியனின் தொழில் என்பார்கள். கணக்குப் பார்த்தால் 'வாயைத் திற' என்று சொன்னதைவிட 'வாயை மூடு' என்றுதான் நான் அதிகம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கணக்கும் இன்றைய பேச்சுக்குள் வருகிறது.

நான் சொல்ல வந்த விடயம் ஒன்றுதான். ஒருவர் பேசாதபோது காரணத்தை அவருடைய வாயில் தேடுகிறோம். நாக்கைப் பார்க்கிறோம், மூளையைப் படம் எடுக்கிறோம், பிடிவாதம் என்கிறோம், பேய் என்கிறோம், கள்ளம் என்கிறோம். நம் பழமொழிகளும் அவரைத்தான் சந்தேகிக்கின்றன. ஊமை ஊரைக் கெடுக்கும் என்று ஊரே சொல்லும். காரணத்தின் ஒரு பாதி எப்போதும் கேட்பவரின் காதில் இருக்கிறது என்பது என் கட்சி. 'ஏன் கதைக்கிறாயில்லை?' என்று கேட்பதற்கு முன், 'கேட்கிற நான் ஆர்?' என்று கேட்கவேண்டும்.

1. ஒரு வினைச்சொல்லின் பயணம்

எங்கள் பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். பேசாமையை நாம் மூன்று விதமாகச் சொல்வோம். 'பிள்ளைக்குக் கதைக்கேலாது' என்றால் உறுப்பில் ஏதோ குறை. 'பிள்ளை கதைக்கமாட்டாள்' என்றால் பிடிவாதம். 'அவையோட நாங்கள் கதைக்கிறேல்லை' என்றால் வேலிச்சண்டை. இந்த மூன்றில் நடுவிலுள்ள சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள்.

'மாட்டேன்' என்றால் இன்றைக்கு மறுப்பு. பழைய தமிழில் மாட்டுதல் என்றால் இயலுதல். மாட்டான் என்றால் இயலாதவன். மாட்டாமை என்றால் இயலாமை. அந்தப் பொருள் இன்னும் சாகவில்லை. 'தாங்கமாட்டாமல் அழுதாள்' என்கிறோம். அவள் தாங்க மறுத்தாள் என்று யாரும் விளங்கிக்கொள்வதில்லை. படுக்கையில் கிடக்கும் கிழவரை 'ஏலாமல் மாட்டாமல் கிடக்கிறார்' என்கிறோம். முடியாதவனின் வாயில் இருந்த சொல் காலப்போக்கில் மறுப்பவனின் வாய்க்கு வந்துவிட்டது. 'முடியாது' என்ற சொல்லும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. கடனைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

இயலாமைக்கும் மறுப்புக்கும் நடுவே எங்கள் மொழி வேலி போடவில்லை. ஒரு கடப்புத்தான் விட்டிருக்கிறது. இதை மொழியின் குறை என்று நான் நினைக்கவில்லை.

மேற்கு நாட்டு வைத்தியம் இதே பாதையில் எதிர்ப்புறமாக நடந்திருக்கிறது. வீட்டில் கலகலவென்று பேசி, வெளியில் ஒரு சொல்லும் பேசாத பிள்ளைகளை 1877இல் ஜெர்மானிய வைத்தியர் அடோல்ஃப் குஸ்மௌல் விவரித்தார். அவர் வைத்த இலத்தீன் பெயரின் பொருள், வேண்டுமென்றே பேச்சிழத்தல். 1934இல் சுவிட்சர்லாந்தின் மொரிட்ஸ் டிராமர், பிள்ளை தானே தெரிந்தெடுத்த ஊமைத்தனம் என்று பெயர் வைத்தார். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல் இதைப் பேச மறுத்தல் என்றுதான் வரையறுத்தது. 1994இல் வந்த பதிப்பில் மறுத்தல் போய்விட்டது. பேச்சு வராமற்போதல் என்று மாறியது. பெயரும் தெரிந்தெடுத்த ஊமைத்தனத்திலிருந்து குறிப்பிட்ட இடங்களில் வரும் ஊமைத்தனமாயிற்று. 2013இல் அது பதகளிப்பு நோய்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. 'மாட்டேன்' என்பதிலிருந்து 'மாட்டாமை'க்குத் திரும்பிப் போக வைத்தியத்துக்கு நூற்றுமுப்பது வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது.

இந்தப் பிள்ளைகள் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் கண்ணில் படும். வீட்டில் ஒரு மொழியும் பள்ளிக்கூடத்தில் வேறு மொழியுமாக வாழும் பிள்ளைகளில் கூடுதலாகக் காணப்படுகிறது. கனடாவிலும் பிரான்சிலும் உள்ள எங்கள் சொந்தக்காரர்கள் இதைக் கவனிக்கவேண்டும். புதிய மொழி பிடிபடும்வரை பிள்ளை சும்மா இருப்பது வேறு, இது வேறு. பள்ளிக்கூடத்தின் முதல் மாதத்துக் கூச்சத்தையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எல்லாப் பேசாமையும் கேட்பவரால் வருவதல்ல. 1861இல் பாரிஸ் நகரில் போல் புரோக்கா பார்த்த நோயாளிக்கு 'டான்' என்ற ஓர் அசையைத் தவிர எதுவும் வரவில்லை. இறந்தபின் பார்த்தபோது மூளையின் இடது முன்பகுதி சிதைந்திருந்தது. பாரிசவாதம் வந்தவருக்குப் பேச்சு போவதும் இப்படித்தான். பிள்ளை பேசப் பிந்தினால் முதலில் சோதிக்கவேண்டியது காது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் சனத்துக்குக் குமரகுருபரர் கதை நல்லாய்த் தெரியும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த பிள்ளை ஐந்து வயதுவரை பேசவில்லை, திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்து பாடியது என்பது வரலாறு. அழகான கதை. 'அஞ்சு வயசில கதைப்பான் விடு' என்று அதை நம்பிக் காத்திருந்த தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். அதில் ஒரு பிள்ளைக்குக் காதே கேட்கவில்லை. முருகனிடம் போங்கள். போகிற வழியில் ஆசுபத்திரியில் காதையும் காட்டிவிட்டுப் போங்கள்.

2. சிப்பாயின் தொண்டை

முதலாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் காயமில்லாமல் பேச்சிழந்தார்கள். இலண்டனில் லூயிஸ் யேலண்ட் என்ற வைத்தியர் இவர்களுக்கு மின்சாரம் வைத்தார். 1918இல் அவரே எழுதி வெளியிட்ட நூலில் ஒரு 24 வயதுச் சிப்பாய் வருகிறான். பல களங்கள் கண்டவன். ஒன்பது மாதமாய்ப் பேச்சில்லை. அவனை அறையில் வைத்துக் கதவைப் பூட்டி, பழையபடி கதைக்கும்வரை வெளியே போகமுடியாது என்று சொல்லிவிட்டு, தொண்டைக்கு மணிக்கணக்காக மின்சாரம் கொடுத்தார். அவன் பேசினான். யேலண்ட் அதை வெற்றி என்று எழுதினார்.

அதே காலத்தில் ஸ்கொட்லாந்தில் அதிகாரிகளுக்கான ஓர் ஆசுபத்திரியில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் வேலை செய்தார். தமிழருக்கு இவரை வேறு வழியில் தெரிந்திருக்கவேண்டும். நீலகிரியில் தோடரோடு இருந்து, 1906இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் இவர்தான். மலைச்சனத்திடம் பொறுமையாகக் கேட்டுப் பழகிய காது. அந்தக் காதோடுதான் ஆசுபத்திரிக்கு வந்தார் என்பது என் ஊகம். ரிவர்ஸ் ஒன்றைக் கவனித்தார். பேச்சிழப்பும் கைகால் முடக்கமும் சாதாரணச் சிப்பாய்களுக்குக் கூடுதலாக வருகின்றன. அதிகாரிகளுக்குப் பதகளிப்பும் கெட்ட கனவும் வருகின்றன. சிப்பாய்க்குக் கொடுத்த பயிற்சி முழுக்கக் கீழ்ப்படிதல், அதிகாரிக்குக் கொடுத்தது பொறுப்பு, அதனால்தான் நோய் இரண்டு கோலம் எடுக்கிறது என்பது அவர் விளக்கம்.

என் சொல்லில் சொல்வதென்றால், திருப்பிச் சொல்ல உரிமையில்லாதவனின் வாய்தான் முதலில் அடைபடுகிறது. யேலண்டின் அறையில் அந்தப் பையன் பேசியதும் இன்னொரு கட்டளைக்குத்தான். அவனுக்கு நடந்தது என்னவென்று அங்கே யாரும் கேட்கவில்லை.

இதை வன்னிக்குக் கொண்டுவருகிறேன். இந்த ஊரின் சந்தியில் யார் நிற்கிறார்கள் என்பது எத்தனை தரம் மாறியது என்று உங்களுக்குத் தெரியும். 1997 மே மாதம் 'ஜயசிக்குறு' இராணுவ நடவடிக்கை இங்கே வந்தது. 1999 நவம்பரில் மறுபடி கை மாறியது. பிறகு கடைசிப் போர். சீருடை மாறும்போதெல்லாம் எந்தச் சொல்லைச் சொல்லலாம், எதை விழுங்கவேண்டும் என்ற கணக்கும் மாறியது. இது ஒரு பக்கத்துச் சீருடைக்கு மட்டும் உரிய கதையல்ல. பிள்ளையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறோம் என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்லாத தாய்மார் இந்தச் சபையில் இருக்கலாம். யாருக்குப் பயந்து ஒளித்தோம் என்பதை இன்றைக்கும் உரத்துச் சொல்ல மாட்டோம். 'மாட்டோம்' என்பதை நீங்கள் விரும்பிய பொருளில் எடுத்துக்கொள்ளலாம்.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007இல் எழுதிய கட்டுரையிலும் பிறகு எழுதியவற்றிலும் கூட்டு மனவடு என்று ஒன்றைச் சொல்கிறார். ஒரு ஆளுக்கு வருகிற நோய்க்கு அப்பால் குடும்பமும் ஊரும் சேர்ந்தே வடுப்படும் என்பது அதன் சாரம். ஆளை ஆள் நம்பாமை, ஒதுங்கியிருத்தல், வாய் திறவாமை எல்லாம் அந்த வடுவின் குறிகள். போர்க்காலத்தில் வாயைப் பொத்தியது புத்திசாலித்தனம், உயிரைக் காப்பாற்றியது. போர் முடிந்த பிறகும் பொத்திய கையை எடுக்க மறந்துபோவதுதான் நோய். கை தானாக இறங்காது. எதிரே நிற்பவர் யார் என்பது மாறவேண்டும்.

3. பெயர் சொல்லாத கிழவி

இதை நான் கண்ணால் பார்த்தேன். காணாமற்போனவர்களின் விபரம் பதிந்த ஒரு நாள். எந்த இடம், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். வரிசையில் எனக்கு முன்னால் எழுபது தாண்டிய அம்மா ஒருவர், கையில் பொலித்தீன் பை. அதற்குள் அடையாள அட்டையின் போட்டோப் பிரதி, ஒரு கலியாணப் படம், விதானையாரின் கடிதம். எல்லாவற்றையும் மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கிளாக்கர் பொடியன் போமை எடுத்துக்கொண்டு, "காணாமற்போனவற்ற பேர்?" என்றான்.

அம்மா பேசவில்லை.

"அம்மா, பேர் என்ன?"

நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் குரலை உயர்த்தினான். காது கேட்கவில்லை என்று நினைத்திருக்கவேண்டும். மூன்றாம் தரம் கேட்டபோது அவனுடைய குரலில் எரிச்சல் வந்துவிட்டது. வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி, "தம்பி, அது அவவின்ர மனுசன். அவ எப்பிடிப் பேர் சொல்லுவா?" என்றாள்.

ஐம்பது வருடம் வாழ்ந்த மனுசனின் பெயரை அந்த வாய் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று தாய் சொல்லிக் கொடுத்த வாய். இப்போது அவர் உயிரோடு இருக்கிறாரா என்று தேடுகிற போமில் முதல் கேள்வியே அந்தப் பெயர். அம்மா அடையாள அட்டைப் பிரதியில் விரலை வைத்துக் காட்டினார். கிளாக்கர் கெட்டவன் அல்லன். அதைப் பார்த்து எழுதினான். ஆனால் போமில் 'விபரம் சொன்னவர்' என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதிவிட்டு, பக்கத்தில் 'பேச்சுக் குறைபாடு' என்று பென்சிலால் குறித்தான். நான் அதை வாசித்தேன். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. வரிசையில் நின்ற எனக்கும் அன்றைக்கு ஏதோ ஒரு மாட்டாமை.

2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. 2013இல் காணாமற்போனோருக்கான ஜனாதிபதி ஆணைக்குழு. 2016இல் காணாமற்போனோர் அலுவலகத்துக்குச் சட்டம். அதே தாய்மார் அதே பொலித்தீன் பையோடு எல்லா இடமும் போனார்கள். முதல் கொமிசனில் அழுதுகொண்டு சொன்னதை மூன்றாவது கொமிசனில் அழாமல் சொன்னார்கள். 'மனம் ஆறிவிட்டது' என்று யாரோ ஒரு அதிகாரி எழுதியிருப்பார்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவர்கள் தெருவோரம் உட்கார்ந்தார்கள். வவுனியாக் கொட்டகை 2022இல் இரண்டாயிரம் நாளைத் தாண்டியது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கு விபரம் சொல்லமாட்டோம் என்றும் அவர்களில் பலர் சொன்னார்கள். ஒத்துழையாமை என்று அதைக் கொழும்பில் குறைபட்டார்கள். வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்தவர்கள் ஒரு காதை மட்டும் தெரிந்தெடுத்து அதற்குச் சொல்லமாட்டோம் என்றது, எனக்குத் தெரிந்த பேசாமைகளிலேயே சத்தம் கூடியது. தெருவில் படத்தைப் பிடித்துக்கொண்டு போகிற வருகிற எல்லோரிடமும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

4. பெருவிரல்

மௌனம் சம்மதம் என்ற பழமொழியைப் போல ஆபத்தான ஒன்று எங்கள் மொழியில் இல்லை. பேசாதவரின் சார்பில் பிறர் பேசிவிட அது அனுமதி கொடுக்கிறது.

1993இல் மட்டக்களப்புப் பக்கத்தில் கைதான நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கு இதற்குச் சாட்சி. தமிழ் மட்டும் தெரிந்தவர். அவருடைய குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சாகி இருந்தது. மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ்காரர். அடியில் அவருடைய பெருவிரல். சாதாரணச் சட்டத்தில் பொலிசுக்குக் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்ததைச் செல்லுபடியாக்குகிறது. அது பயமுறுத்தி வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையையும் கொடுத்தவரின் தலையிலேயே வைக்கிறது. 1995இல் அவருக்கு 50 வருடச் சிறை. மேன்முறையீட்டில் 35 ஆயிற்று. 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று முடிவு சொன்னது. 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் அந்த முடிவைக் கைக்கொள்ள மறுத்தது.

அந்த வழக்கில் பேசாதவர் யார்? கோப்பு முழுக்க அவர் 'பேசியிருக்கிறார்'. பக்கம் பக்கமாய். அவருக்குத் தெரியாத மொழியில்.

உடல் ஊனத்தால் வாய் பேசாதவரைப் பற்றி நாம் இரங்குகிறோம். கச்சேரியிலோ பொலிஸ் நிலையத்திலோ சிங்களக் கடிதத்தை வைத்துக்கொண்டு நிற்கும் ஒருவர் அந்த அரைமணி நேரம் எந்த ஊனமும் இல்லாமல் ஊமையாகிறார். 1987இல் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. எழுத்து வந்துவிட்டது, காது வந்து சேரவில்லை.

பேசாமல் இருப்பதை உரிமையாகக் கண்ட சட்டங்களும் உண்டு; அதற்கு நாள் எடுத்தது. இங்கிலாந்தில் குற்றவாளிக் கூண்டில் வாய் திறக்காதவனின் நெஞ்சில் கல் ஏற்றும் வழக்கம் 1772இல்தான் சட்டத்திலிருந்து போனது. இந்தியாவில் 2010இல் செல்வி என்பவரின் வழக்கில், சம்மதமில்லாமல் மருந்தேற்றியோ கருவி பொருத்தியோ ஒருவரிடமிருந்து உண்மை கறக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. யேலண்டின் அறைக் கதவைத் திறந்துவிட்ட தீர்ப்பாகவே நான் அதை வாசிக்கிறேன்.

5. அம்மனும் தையல் மெஷினும்

இங்கிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முள்ளியவளைக்கும் வற்றாப்பளைக்கும் வைகாசியில் நடந்து போயிருக்கிறீர்கள். உப்பு நீரில் விளக்கெரியும் என்று சொல்லப்படும் அம்மன் கோயில். கண்ணகி மதுரையை எரித்தபின் ஆறிக்கொண்டு வந்து தங்கிய இடம் என்பது எங்கள் நம்பிக்கை.

சிலப்பதிகாரத்தின் முதற்பாதியில் கண்ணகி பேசுகிற இடங்கள் விரல்விட்டு எண்ணக் கூடியவை. புருசன் போனபோதும் வந்தபோதும் அதிகம் பேச்சில்லை. அந்தப் பெண்தான் பாண்டியன் சபையில் சிலம்பை உடைக்கிறாள். அந்த மாற்றத்துக்குக் கற்பு என்று ஒரே சொல்லில் காரணம் சொல்லி நம் புலவர்கள் போய்விடுவார்கள். எனக்குப் படுவது வேறு. வாயிலோன் போய்ச் சொல்ல, அரசன் 'வரவிடு' என்றான். வந்தவளிடம் யார் நீ என்று கேட்டான். அவள் சொன்னதைக் கேட்டு, தன் பிழையைக் கண்டு, அந்த இடத்திலேயே உயிரை விட்டான். கேட்பதற்கு விலை கொடுத்தவன் அவன். சாட்சி சொல்பவர் மட்டும் விலை கொடுத்து, கேட்பவர் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்புகிற விசாரணைகளைப் பார்த்துப் பழகிவிட்டோம், அதனால் பாண்டியனை அடிக்கடி நினைக்கிறேன்.

மட்டக்களப்பில் போர்க்காலத்தில் ஆய்வு செய்த பற்றீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர், அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொன்னவர்களைப் பற்றி எழுதினார். பிள்ளை எங்கே என்று வெளியில் கேட்கமுடியாத தாய், அம்மனிடம் கேட்டாள். உருவேறியவரின் வாய், ஊர் சொல்லப் பயந்ததைச் சொன்னது. சொன்னது மனிசன் அல்லன் என்பதால் யாரையும் பிடித்துக்கொண்டு போகவும் முடியாது. ஒப்பாரியும் இப்படித்தான். அயல் வீட்டுச் சாவில் தன் பிள்ளைக்காக அழுத பெண்களை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். 2009க்குப் பிறகு சொந்தச் சாவுக்குக் கூடி அழ விடவில்லை; அப்போது அயல் வீட்டு ஒப்பாரி நீண்டது.

அந்த நாட்களில் வடமாகாணத்துக்கென அமைந்த ஜனாதிபதி செயலணியிடம் உளசமூகப் பணிக்கு அனுமதி எடுப்பது பெரும்பாடு. கிணறு வெட்டலாம், கோழி கொடுக்கலாம். மனதோடு கதைக்கிறோம் என்றால் கோப்பு நகராது. மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்த பெண்களுக்கு நடந்த ஒரு தையல் வகுப்புக்கு நான் போய்வந்தேன். பன்னிரண்டு கால்மெஷின். மிதிக்கிற சத்தத்தில் ஒருவர் சொல்வது அவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். நான் கதவடியில் நின்றபோது உள்ளே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. தலையை நிமிர்த்தாமல், துணியைப் பார்த்தபடி, ஊசி போகிற வேகத்துக்குப் பேசினார்கள். ஒரு மெஷினில் நூல் அறுந்து அது நின்றது. அந்த மூலையில் பேச்சும் நின்றது. நூல் கோத்து முடித்து மிதிக்கத் தொடங்கியபின், விட்ட இடத்திலிருந்து அவள் தொடர்ந்தாள். அங்கே உளவளத்துணையாளர் என்று ஒருவரும் இல்லை. மூன்று மாதம் கழித்து எத்தனை சட்டை தைத்தார்கள் என்று அறிக்கை போனது.

எல்லோரையும் பேசவைத்தால் குணமாகும் என்று நான் சொல்ல வரவில்லை. அனர்த்தம் நடந்த கையோடு ஒரே இருப்பில் எல்லாவற்றையும் சொல்லவைக்கும் முறை பின்னால் வரும் மனவடுவைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று 2002இல் கொக்ரேன் மீளாய்வு ஒன்று சொல்லிவிட்டது. இரண்டு வருடம் கழித்துச் சுனாமி வந்தபோது, கொப்பியும் பேனையுமாக வந்து 'நடந்ததைச் சொல்லுங்கோ' என்று கடற்கரைச் சனத்தைக் கேட்டவர்கள் அதை வாசித்திருக்கவில்லைப் போலும். சொல்லாமல் இருக்க விடுவதும் கேட்பதின் ஒரு வகை.

ஞானிகளின் மௌனத்தைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று சைவப் பெரியவர்கள் கேட்பீர்கள். கல்லால மரத்தடியில் தட்சிணாமூர்த்தி வாய் திறக்காமல் உபதேசித்தார், சரி. காலடியில் சனகாதி முனிவர் நால்வர் இருந்தார்கள் என்பதை மறக்கவேண்டாம். அவர்கள் இல்லாவிட்டால் அது ஒருவர் மரத்தடியில் சும்மா இருந்த கதை. நேரம் போகிறது, இதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

6. வகுப்பறையில் ஒரு கதிரை

கடைசியாக, முதலிற் சொன்ன பிள்ளைகளிடம் திரும்புகிறேன். இந்தச் சபையில் ஆசிரியர்கள் அதிகம்.

எனக்குப் பழக்கமான ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒன்று. ஒன்றரை வருடமாக வகுப்பில் ஒரு சொல் இல்லை. இடாப்புக் கூப்பிட்டால் கையை மட்டும் உயர்த்தும். மலகூடத்துக்குப் போகக் கேட்கமுடியாமல் இரண்டு தரம் சட்டையை நனைத்துக்கொண்டது. தாய் சத்தியம் பண்ணுகிறாள், வீட்டில் வாய் ஓயாது, மாட்டுக்கன்றுக்கும் கதை சொல்கிறது என்று. முந்திய ஆசிரியர் எல்லாம் செய்து பார்த்தார்: இனிப்புத் தருகிறேன் என்றார், கதைக்காவிட்டால் விளையாட விடமாட்டேன் என்றார், மேசைமேல் ஏறி நிற்கவைத்தார். ஒவ்வொன்றுக்கும் பிள்ளையின் உதடு இன்னும் இறுகியது. நான் அவரைக் குறைசொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்திருப்பேன்.

புதிதாக வந்த ரீச்சர் வயதில் இளையவர். அவர் முதலில் செய்தது, பிள்ளையிடம் கேள்வி கேட்பதை நிறுத்தியது. பள்ளிக்கூடம் விட்டபிறகு வகுப்பில் ஒரு கதிரை போட்டுத் தாயை உட்காரவைத்தார். தாயும் பிள்ளையும் வெறும் வகுப்பில் தனியே பாடப்புத்தகம் வாசித்தார்கள். ரீச்சர் விறாந்தையில் நின்று கொப்பி திருத்தினார். அடுத்த கிழமை கதவடியில். அடுத்த கிழமை கடைசி வாங்கில், முதுகைக் காட்டிக்கொண்டு. ஒருநாள் இவர் திரும்பிப் பார்த்துவிட்டார்; பிள்ளை நின்றுவிட்டது; மறுபடியும் விறாந்தையிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. பிறகு சிநேகிதப் பிள்ளை ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு தாயின் கதிரை மெல்ல மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தது. பேச்சுச் சிகிச்சையாளர்கள் கையாளுகிற முறை இதுதான். பயமில்லாத ஆளோடு தொடங்கி, பயப்படுகிற ஆளை அங்குலம் அங்குலமாக உள்ளே விடுவது. எங்கள் பக்கத்தில் அந்தச் சிகிச்சையாளரைத் தேடி நெடுந்தூரம் போகவேண்டும். ரீச்சர் எங்கேயோ வாசித்துவிட்டுத் துணிந்து செய்தார். இரண்டு தவணை எடுத்தது.

மூன்றாம் தவணையில் ஒருநாள், கணித பாடம். ரீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து உரத்த குரல்:

"ரீச்சர், இவன் என்ர அழிறப்பரை எடுத்திட்டான்!"

வகுப்பு முழுக்க உறைந்துபோய் அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தது. தனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, கையிலிருந்த சோக்கு உடைந்துபோனது என்று ரீச்சர் பிறகு என்னிடம் சொன்னார். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்ததாம். அவர் அதைச் செய்யவில்லை. அரைவாசி திரும்பி, பக்கத்தில் இருந்த பொடியனைப் பார்த்து, "குடுத்திடடா" என்றார். பிறகு உடைந்த சோக்கால் மிச்சக் கணக்கை எழுதினார்.